பைத்தானில் எழுதுங்கள், டைப்பையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைத்தான் என்ற கணினி மொழி படித்தால் வேலை என்று செய்தியும் விளம்பரமும் நிறைய வருகின்றன. படிக்கிற பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு பெரிய டீமுக்குள் அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று யாரும் எழுதக் காணோம், அதனால்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற அலுவலகங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலை என்னுடையது. ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றி இருக்கும் ஏஜென்ட் அலுவலகங்கள், திருவொற்றியூர், மணலிப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகள், இப்படி. நான் பார்க்கிற இடங்களில் முன்பு ஜாவாவிலும் டாட்நெட்டிலும் ஓடியதை இப்போது புதிதாக எழுதும்போது பைத்தானுக்கு மாற்றுகிறார்கள். சீக்கிரம் எழுதலாம், ஆள் சுலபமாகக் கிடைக்கும், வாடிக்கையாளருக்கு டெமோவும் சட்டென்று காட்டலாம் என்பதெல்லாம் உண்மை. மாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை. டீம் பெரிதாகும் என்று தெரிந்தே எடுக்கும்போது, அதற்கான கட்டுப்பாட்டை முதல் நாளிலிருந்தே போடாமல் விடுகிறார்களே, அதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் ஒரு பெயருக்குள் எண் வருமா எழுத்து வருமா என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், இதைத்தான் டைப் என்கிறோம். மாற்றி வைத்தால் ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே, அதைப் படித்துப் பார்க்கும் கம்பைலர் நிறுத்திவிடும். பைத்தானில் அப்படி எழுதவேண்டிய கட்டாயம் இல்லை, ஓடுகிற நேரத்தில் என்ன வந்து விழுகிறதோ அதுதான்.

சரி, அதனால் என்ன கெட்டுவிடும்? சுங்க அட்டவணையில் ஒவ்வொரு சரக்குக்கும் குறியீட்டு எண் உண்டு, நம் நாட்டில் அது எட்டு இலக்கம். இறால் வகைகள் 0306 என்று ஆரம்பிக்கும், காபி 0901 என்று ஆரம்பிக்கும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் போனால் குறியீடே தப்பு. டீமில் ஒருவர் இதை எழுத்தாகச் சேமிக்கிறார், இன்னொருவர் எக்செல் ஷீட்டிலிருந்து படிக்கும்போது அது எண்ணாக வந்துவிடுகிறது, பூஜ்ஜியம் காணாமல் போகிறது. இந்த எண்ணையும் அந்த எழுத்தையும் ஒப்பிட்டால் பைத்தான் எந்த எரரும் காட்டாது, இரண்டும் ஒன்றல்ல என்று முடிவுசெய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ப்ரோகிராம் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். நிற்காமல் ஓடி, அந்தச் சரக்குக்கு வரி விகிதமே கிடைக்கவில்லை என்று யாரோ ஒரு கிளார்க் ராத்திரி போன் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதியபோது வாயால் கேட்டுச் சரிசெய்துகொண்டார்கள். பதினைந்து பேர் ஆனபிறகு, அதில் பாதிப்பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டபிறகு, யாரைக் கேட்பது?

இதற்காக ஜாவாவில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைத் தராமல் ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்த எடையை ஒருவர் கிலோவிலும் இன்னொருவர் டன்னிலும் வைத்தால் கம்பைலருக்கு இரண்டும் எண்தான், ஒன்றும் சொல்லாது. கிலோவுக்கென்று தனி டைப் உருவாக்கினால்தான் பிடிபடும், அதைப் பைத்தானிலும் செய்யலாம். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்களில் பதிவான பிழைகளை எடுத்துக்கொண்டு, டைப் எழுதியிருந்தால் எத்தனை பிடிபட்டிருக்கும் என்று 2017 இல் ஓர் ஆய்வு வந்தது. 15 சதவீதம் என்றது அது. டைப் ஒன்றே போதும் என்பவர்கள் மீதி 85 ஐப் பார்க்க வேண்டும். டைப் வீண்வேலை என்பவர்களோ, அந்த 15 சதவீதமும் ஏற்கெனவே கோடுக்குள், அதாவது எழுதி முடித்த ப்ரோகிராமுக்குள், சேர்ந்துவிட்ட பிழைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகள் என்ன செய்தன என்பதை நம்மூர் முதலாளிகள் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். டிராப்பாக்ஸ் பைத்தானில் ஓடுகிறது, இன்ஸ்டாகிராம் பைத்தானில் ஓடுகிறது, நமக்கென்ன என்பார்கள். அதே டிராப்பாக்ஸ் தன்னுடைய 40 லட்சம் வரி பைத்தான் கோடுக்கு டைப் சோதனை கொண்டுவரப் பல வருடம் உழைத்ததாக 2019 இல் தானே விரிவாக எழுதியது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அப்போது அங்கேதான் வேலை செய்தார், மைபை என்ற சோதனைக் கருவியில் அவருக்கும் பங்கு உண்டு. 2015 இல் வந்த பைத்தான் 3.5 இலேயே டைப் ஹின்ட், அதாவது எதற்குள் எது வரும் என்ற குறிப்பு, எழுத வழி வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமை வைத்திருக்கும் கம்பெனி பைத்தானுக்கென்று பைர் என்ற கருவியைச் செய்தது, ஸ்ட்ரைப் கம்பெனி ரூபி மொழிக்காக சோர்பே (Sorbet) என்ற கருவியைச் செய்தது, மைக்ரோசாஃப்ட் 2012 இலேயே ஜாவாஸ்கிரிப்ட்டோடு டைப்பைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தது. யாரும் மொழியைத் தூக்கி எறியவில்லை, ஆனால் டீம் பெருத்தபிறகு எல்லாருமே டைப்பைத் தேடிப் போனார்கள். அவர்களிடம் பணமும் ஆளும் இருந்தது, பின்னால் போய்ச் சேர்த்துக்கொண்டார்கள். பாரிமுனையில் ஒரு மாடி வாடகைக்கு எடுத்து நடக்கும் கம்பெனிக்கு அந்த வசதி ஏது?

எனக்கு மனசு பொறுக்காதது இன்னொன்று. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலிலேயே பைத்தான் இருக்கிறது, அதனால் வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருகிற, வீட்டிலேயே முதல் பட்டதாரியான பிள்ளைகள் அந்த மொழியைத் தெரிந்துகொண்டே வேலைக்கு வருகிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன், அதாவது ப்ரோகிராமின் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு, "டேட்டா" என்று ஒரு டிக்ஷனரி, பல தகவல்களைப் பெயர் போட்டுக் கட்டிய மூட்டை மாதிரி, போகிறது, அதற்குள் என்னென்ன இருக்கும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. "அண்ணா, இதுக்குள்ள கன்டெய்னர் நம்பர் வருமா வராதா?" என்று கேட்டால், கோடைப் படி என்று எரிந்து விழுவார்கள். அந்தக் கோடில்தான் பதிலே இல்லையே! அப்புறம் ப்ரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர் கையில் ஓடும்போது, ஏதாவது உடைந்தால் கடைசியாகக் கை வைத்த அந்தப் பையன்தான், அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நன்றாக எழுதக்கூடிய ஒரு பெண்ணை இப்படியே குற்றம் சொல்லிச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒரு ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று ஒரே வரியில் எழுதிவைத்திருந்தால் அவர் யாரிடமும் போய் நிற்கவேண்டியிருந்திருக்காது.

செய்யவேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மற்றவர்கள் கூப்பிடுகிற ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் டைப் ஹின்ட் எழுத வேண்டும். ஓடும்போது பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது, அதனால் மைபையோ பைரைட்டோ வைத்து ஒவ்வொரு முறை கோடு சேரும்போதும் சோதிக்க வேண்டும், தவறினால் உள்ளே விடக்கூடாது. மேனேஜர் அவசரம் என்று சொன்னாலும் விடக்கூடாது, அங்கே ஒருமுறை தளர்ந்தால் போச்சு. எக்செல், பிற கம்பெனி சர்வர் என்று வெளியிலிருந்து வரும் தகவலை வாசலிலேயே சரிபார்க்க வேண்டும், பைடான்டிக் மாதிரிக் கருவிகள் இருக்கின்றன. ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் கோடை ஒரேயடியாகத் திருத்த உட்காரவேண்டாம், அடிக்கடி கை படுகிற ஃபைல்களில் ஆரம்பித்தால் போதும். டெஸ்ட் எழுதுவதை இதனால் விட்டுவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம், கிலோவும் டன்னும் குழம்புவதையும் வரிக் கணக்கு தப்பாவதையும் பெரும்பாலும் டெஸ்ட்தான் பிடிக்கும். இப்போது ஏஐ பக்கம் பக்கமாகக் கோடு எழுதித் தருகிறது, யார் தலையிலும் இல்லாத கோடு அது, அதற்கு இந்தச் சோதனை இரண்டு மடங்கு தேவை.

இதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள் என்பதுதான் முதலாளிகளிடம் நான் கேட்பது. வாடிக்கையாளர் கேட்டால் எதற்கு என்று சொல்லுங்கள், பூஜ்ஜியம் காணாமல் போன கதையைச் சொன்னால் எந்த ஏற்றுமதியாளருக்கும் புரியும். கல்லூரி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பைத்தான் லேபில் தனித்தனியாக ப்ரோகிராம் எழுதவைப்பதோடு, ஒரு மாணவர் எழுதியதை இன்னொருவர் கையில் கொடுத்து, எழுதியவரைக் கேட்காமல் அதில் ஒரு மாற்றம் செய்யச் சொல்லிப் பாருங்கள். டைப் ஹின்ட் எதற்கு என்று தனியாகப் பாடம் எடுக்கவேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81