கோட்டை வாசலுக்கு ஒரு சமிக்ஞை விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை நாட்களில் நிலாவெளி வீதி முழுவதையும் காலையில் போகிற வாகனங்களுக்கும், மாலையில் திரும்பி வருகிறவற்றுக்கும் விட வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வெயிலில் நெரிசலுக்குள் நின்று களைத்தவரின் ஆதங்கம் அது. நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த வீதியில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே ஒழுங்கைகள்தான். இரண்டையும் ஒரு பக்கத்துக்குக் கொடுத்துவிட்டால், குச்சவெளியில் வலி கண்ட பிள்ளைத்தாச்சியைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு எந்த வழியால் கொண்டு வருவது?

திசை மாற்றுகிற ஒழுங்கை என்றால் மாற்றிக் கொடுக்க மிச்சம் ஒன்று இருக்க வேண்டும். கனடாவின் வன்கூவரில் லயன்ஸ் கேட் பாலத்தில் மூன்று ஒழுங்கைகள். நடுவில் உள்ளதை மட்டும் நெரிசலைப் பார்த்துத் திருப்புவார்கள். பர்மிங்ஹாமில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது 1972 இல் திறந்த அஸ்டன் விரைவுப் பாதையை நானே பார்த்தேன். ஏழு ஒழுங்கைகள், நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. காலையில் நகருக்குள் நாலு, வெளியே இரண்டு, மாலையில் மறுபக்கம். மிச்சமுள்ள ஒன்றை எதிரெதிர் வாகனங்களுக்கு இடையில் வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். அத்தனை நெரிசலிலும் ஒரு ஒழுங்கையை உயிருக்காக ஒதுக்கியிருந்தது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆபத்து திசையில் இல்லை, திசை மாறுகிற அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. அதனால்தான் மேலே தொங்கும் விளக்குகளில் முதலில் இரண்டு பக்கத்துக்கும் சிவப்புப் பெருக்கல் குறி போடுவார்கள். ஒழுங்கை வெறுமையாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகே மறுபக்கத்துக்குப் பச்சை அம்புக்குறி. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1963 முதல் ஊழியர்கள் எதிரெதிர் ஒழுங்கைகளைப் பிரிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்களைக் கையால் மாற்றி மாற்றி நட்டார்கள். நேருக்கு நேர் மோதல்களைத் தடுக்க, நகர்த்தக்கூடிய தடுப்பு 2015 ஜனவரியில்தான் வந்தது.

சரி, எங்கள் ஊரில் இந்த முறை எங்கே உதவும்? பிரெட்ரிக் கோட்டை வாசலில். கோணேசர் கோயிலுக்குப் போகிற வாகனமும் வருகிற வாகனமும் அந்த ஒரே வளைவுக்குள்ளால்தான் நுழைய வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். போன சிவராத்திரி இரவு அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். உள்ளே போன வானும் வெளியே வந்த வானும் வளைவுக்கு நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் பின்னால் வரிசை, ஒருவராலும் பின்வாங்க முடியவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் கல்சுவரோடு ஒட்டி நின்றார். சுவருக்கும் வானின் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்குமோ என்னவோ. அந்தக் குழந்தையின் கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வாசலுக்கு இருபுறமும் ஒவ்வொரு விளக்கு வைத்தால் போதும். விளக்குகளுக்கு இடையில் நூறு மீற்றர், வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தால், உள்ளே இருக்கும் கடைசி வாகனம் வெளியேற 18 செக்கன் ஆகும். அப்படியானால் இருபக்கமும் சிவப்பு எரிகிற நேரம் 25 செக்கனாவது வேண்டும். உள்ளே வழியில் மான்கள் படுத்துக் கிடக்கும், அவை தம் பாட்டில்தான் எழும்பும். ஆகவே நேரத்தை மட்டும் நம்பாமல், உள்ளே வாகனம் நிற்கிறதா என்று அறிகிற உணரியும் தேவை. நடந்து போகிற அடியார்களுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

கோட்டைச் சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய சுவர் அது. வீதி வேலை நடக்கிற இடங்களில் வைக்கிற, சக்கரத்தில் தள்ளி நிறுத்தும் விளக்குகள் போதும். கோயில் நிர்வாகமும் பொலிசாரும் வீதிப் பொறியியலாளர்களும் கூடிப் பேசி, அடுத்த சிவராத்திரிக்கு முன் வருகிற ஏதாவது ஒரு போயா விடுமுறையில் இதைப் பரீட்சித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர்,
திருகோணமலை