பார்மேட் செய்வதற்கு முன்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் எல்லோரும் நலமே. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய ஒளிப்படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஆண்டுவாரியாக அடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. ஆனால் அந்த வேலைக்கு நீ நம்பியிருக்கும் மேசைக்கணினி காலையில் இயக்கினால் பயன்பாட்டுக்கு வர நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது, படங்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது திடீரென அணைந்தும் விடுகிறது, தெரிந்தவர் ஒருவர் பார்மேட் செய்தால், அதாவது கோப்புகள் இருக்கும் வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினால், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார், செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

நீ சொல்லியிருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். மெதுவாக இயங்குவது ஒன்று. தானாக அணைவது மற்றொன்று. இரண்டும் ஒரே காலத்தில் தோன்றியதாலேயே இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பார்மேட் செய்வது மென்பொருளை மட்டுமே புதுப்பிக்கும். எந்தச் செய்தியும் காட்டாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்டதுபோல் கணினி அணைகிறது என்றால், காரணம் பெரும்பாலும் வெப்பத்திலோ, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான மின்வழங்கியிலோ இருக்கும். விண்டோஸை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த கோப்புகள் மட்டும் போய்விடும்.

ஆகவே எதைத் தொடுவதற்கும் முன்பு படங்களுக்கு நகல் எடுத்துவிடு. பழுதுபார்க்கும் வேலையில் இதற்கு இணையான அவசரம் வேறு எதற்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏனெனில் கணினியின் எந்த உறுப்பையும் மாற்றிக்கொள்ளலாம். உன் தாயாரின் ஒரே ஒரு படம் அந்த வட்டில் மட்டும் இருக்குமானால் அதை மாற்ற எதுவும் கிடையாது. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று ஒரு விதி சொல்வார்கள். இப்போது ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் ஒரு மேகச் சேமிப்புக் கணக்கும் இருந்தாலே போதும். நகல் எடுக்கும்போது கணினி தடுமாறினாலோ, வட்டிலிருந்து ‘டக் டக்’ என்று ஒலி வந்தாலோ, முதலில் ஈடு செய்ய முடியாத கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள். அந்த நிலையில் வட்டைச் சரிபார்க்கும் கட்டளைகளை இயக்காதே. செத்துக்கொண்டிருக்கும் வட்டை முழுவதுமாகப் படிக்கச் செய்வது அதன் எஞ்சிய ஆயுளை வீணாக்குவதாகும்.

நகலோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அண்மைக் காலக் கணினிகள் பலவற்றில் வட்டு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. கணினி எழும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்பை மாற்றினாலோ, உறுப்புகளையெல்லாம் இணைக்கும் மதர்போர்டை மாற்றினாலோ கணினி அந்தச் சாவியைக் கேட்கும், அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின அல்லவா? ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசிய மென்பொருள்கள் மட்டும் இயங்கும் நிலையில், துவக்கி ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்பதுதான் அதற்கான தீர்வாக இருந்தது. ஆனாலும் அந்தச் சாவி கைவசம் இல்லாத இடங்களில் அந்த எளிய வேலையே பெரும்பாடாகிவிட்டது. உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்.

இனி வேகக் குறைவைப் பற்றிப் பார்ப்போம். இது எந்த நாளிலிருந்து தொடங்கியது, அதற்குச் சற்று முன்பு என்ன மாறியது என்பதை நினைவுபடுத்திப் பார். புதிய அச்சுப்பொறியா, இரண்டாவது வைரஸ் தடுப்பு மென்பொருளா, விண்டோஸ் புதுப்பிப்பா? நினைவுக்கு வராவிட்டால் தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாளில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, எந்த நாளில் எது முறிந்தது என்பதை நாள்வாரியாக அது காட்டும். விண்டோஸிலேயே இருக்கும் இந்த வசதியைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, நீ ஒவ்வோர் இரவும் கணினியை அணைப்பதாக எழுதியிருக்கிறாய். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. மறுநாள் விரைவாக எழ வேண்டும் என்பதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலை வட்டில் எழுதி வைக்கப்பட்டு அப்படியே மீட்டெடுக்கப்படுகிறது. ஆகவே மையப் பகுதியிலோ, வன்பொருளை இயக்கும் மென்பொருளான ஒரு டிரைவரிலோ ஏற்பட்ட சிக்கல் பல நாட்கள் தொடர்ந்து வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏற்றப்படும். எந்தச் சிக்கலுக்கும் முதலில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வதன் பின்னால் இப்படிப்பட்ட காரணங்கள் இருக்கின்றன.

ரீஸ்டார்ட் செய்த பின்னும் மெதுவாகவே இருந்தால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திற. கணக்கிடும் சில்லான பிராசசர், தற்காலிக நினைவகமான ரேம், வட்டு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். கணினி திணறும் அந்த நேரத்திலேயே அவற்றைப் பார்க்க வேண்டும். ஓய்ந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. பிராசசர் முழு அளவில் இருந்தால் எந்த மென்பொருள் அதை எடுத்துக்கொள்கிறது என்று அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ரேம் நிறைந்திருந்தால் கணினி வட்டைத் துணை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும். வட்டு மட்டும் 100 சதவீதத்தில் நின்று, மற்ற இரண்டும் குறைவாக இருந்தால், கோளாறு வட்டில்தான்.

உன் கணினியின் வயதை வைத்துப் பார்த்தால் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகரவும் கிட்டத்தட்ட அதே அளவு நேரம் பிடிக்கும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து படிக்கப்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே கிடையாது என்பதால் அதே காத்திருப்பு ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகிவிடுகிறது. பழைய கணினியில் செய்யக்கூடிய மாற்றங்களில், செலவுக்கு ஏற்ற பலனை உடனே கண்ணுக்குக் காட்டுவது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவதே. பழைய வட்டை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுத்துவிடலாம் என்பதால் பார்மேட் கூடத் தேவைப்படாது. ஆனால் அதற்கு முன்பு, கணினியோடு சேர்ந்து தானாகவே தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் பார்த்து, தேவையற்றவற்றை நிறுத்திவை. எதையும் நீக்க வேண்டியதில்லை. கூடவே வட்டின் உடல்நிலையை ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ போன்ற ஓர் இலவச மென்பொருளால் பார்த்துவிடு. கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுகிறதென்றால் அந்த வட்டை இனி நம்பவே கூடாது.

இரண்டாவது கோளாறு எனக்கு இன்னும் கவலை தருகிறது. நீல நிறத்திலோ, விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் கறுப்பு நிறத்திலோ ஒரு திரை தோன்றி அதன் பிறகு கணினி அணைகிறதா, அல்லது எந்தத் திரையும் இல்லாமல் சட்டென இருண்டுவிடுகிறதா என்பதை நீ எழுதவில்லை. இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திரை தோன்றினால் அதன் கீழே ஒரு பிழைக் குறியீடு இருக்கும். அதை அலைபேசியில் படம் பிடித்துவிடு. அத்தகைய முறிவுகளுக்கு டிரைவரோ ரேமோ காரணமாக இருக்கலாம், ரேமைச் சோதிக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. எதுவும் தோன்றாமல் இருண்டுவிட்டால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அதைக் கண்டு மிரளாதே. முறையாக அணைக்கப்படாமலேயே கணினி மீண்டும் தொடங்கியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எதனால் என்பதை அது அறியாது. அந்த எண்ணுக்கு மருந்து தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வீண் அலைச்சல்.

படத் திருத்தம் போன்ற கனமான வேலையின்போது மட்டும் அணைகிறது என்று நீ எழுதியிருப்பது நல்ல துப்பு. பிராசசர் வெப்பம் மிகும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் 100 பாகை செல்சியசுக்கு அருகிலோ மேலோ சென்றால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆகவே வெப்பம் என்ற ஒரே காரணத்தால் உன் இரண்டு குறைகளும் ஓரளவு விளைந்திருக்கக்கூடும், ஆனால் காலையில் எழும்போதே உள்ள மந்தத்துக்கு அது காரணமாக இருப்பது அரிது. மின்னிணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, பெட்டியின் வெறும் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்ட பிறகு, பிராசசரின் மேலுள்ள விசிறியையும் அதன் கீழுள்ள உலோக இதழ்களையும் பார். இதழ்களுக்கு இடையே தூசி கம்பளம்போல் படிந்திருந்தால் காற்று ஊடுருவ வழியே இருக்காது. விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி அகற்று. எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் பிரிக்காதே. மின்னிணைப்பை எடுத்த பிறகும் அதனுள்ளிருக்கும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். தூசி அகற்றியும் அணைந்தால், பிராசசரின் வெப்பமும் கட்டுக்குள் இருந்தால், அந்தப் பெட்டியை வேறொன்றால் மாற்றிப் பார்ப்பதே அடுத்த படி.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடாதே என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூசியைத் துடைத்து, ரேமைக் கழற்றி மாட்டி, டிரைவரைப் புதுப்பித்து, மின்வழங்கியையும் மாற்றிய பிறகு கணினி சரியானால், எது சரி செய்தது என்பது தெரியாமலே போய்விடும். ஒரு மாற்றம் செய், ஓரிரு நாட்கள் பார், என்ன செய்தாய் என்ன ஆயிற்று என்பதைக் குறித்து வை, பிறகு அடுத்ததற்குச் செல். கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்று பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் துவக்கலாம். நிறுவாமல் இயக்கும்வரை வட்டிலுள்ள எதையும் அது தொடாது. அதில் கனமான வேலை செய்யும்போதும் கணினி அணைகிறதென்றால் விண்டோஸ் மீது குற்றமில்லை.

அக்கா வீட்டுக் கணினியைப் பற்றி விசாரித்திருந்தாய். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது, வீட்டிலிருந்த அனைவரும் வைரஸ் என்றே அஞ்சினார்கள். திரையின் ஓரத்திலிருந்த தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்ததை அக்காவே கவனித்துச் சொன்னாள். மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டதால் கணினி அணைந்திருக்கும்போது கடிகாரம் நின்றுபோய்விடுகிறது; இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால் தவறான தேதியுள்ள கணினிக்கு அவையெல்லாம் செல்லாதவையாகத் தோன்றுகின்றன. பேட்டரியை மாற்றியதும் எச்சரிக்கைகள் நின்றன.

அவள் வீட்டில் வேறொன்றும் நடந்தது. திரையை முழுவதும் மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் தோன்றி, உங்கள் கணினி முடக்கப்பட்டுள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அலறியது. இதை உன் வீட்டிலும் அனைவருக்கும் சொல்லிவை: மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. அது வெறும் இணையப் பக்கம், டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடினால் போய்விடும். அழைத்துப் பேசி, அவர்கள் சொல்லும் மென்பொருளை நிறுவிக் கணினியை அவர்கள் கையில் கொடுப்பதில்தான் உண்மையான கேடு தொடங்குகிறது.

உன்னிடம் இருப்பது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் கணினி மெதுவாகிவிடாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் அதில் இணையப் பணப் பரிமாற்றம் செய்வதை நான் விரும்பவில்லை. கோளாறுகளைக் கண்டறிந்த பிறகு அதைப் பற்றி விரிவாக முடிவெடுப்போம்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று செய்திகளை எழுது: அணைவதற்கு முன்பு திரை ஏதேனும் தோன்றுகிறதா, காலையில் திணறும்போது டாஸ்க் மேனேஜரில் எந்தப் பத்தி நிறைந்திருக்கிறது, விசிறியின் கீழ் எவ்வளவு தூசி இருந்தது. படங்களுக்கு நகல் எடுத்து முடித்துவிட்டால் மட்டும் கடிதம் வரை காத்திருக்காமல் அன்றே ஒரு வரி தெரிவித்துவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்