மீனுக்குப் பூண்டு கொடுக்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள சுதா,

நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. பூண்டு கொடுக்கலாம். ஆனால் மீன் தீனியைத் தொடவில்லை என்கிறாய், தலைகீழாக மிதக்கிறது என்றும் சொல்கிறாய். இரண்டும் ஒரே தொல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். பூண்டு உதவுவது முதலாவதற்குத்தான், மிதப்பதற்கு அது மருந்து இல்லை.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, கண்ணு. வாயில் போனது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டிய பிறவி அது. ஆனால் நாம் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் பிச்சை கேட்பது மாதிரி வாயைத் திறந்துகொண்டு வரும், பார்த்தால் யாருக்கும் கை தானாக டப்பாவுக்குப் போகும். பேரன் ஆதிக்கு நிச்சயம் போகும். அவன் எப்போது போட்டான், மாப்பிள்ளை எப்போது போட்டார், நீ எப்போது போட்டாய் என்று மூன்று பேருக்கும் தெரியாமல் இருந்தால் உன் தங்கமீன், அந்த ஒராண்டா, மூன்று வேளைக்கு ஆறு வேளை சாப்பிட்டிருக்கும். அதுவும் ஒராண்டா, ரியுக்கின் போன்ற உருண்டை மீன்களுக்கு உடம்பைக் குட்டையாக்கியே வளர்த்திருக்கிறார்கள், உள்ளே குடலும் மிதக்க உதவும் காற்றுப்பையும் நெருக்கிக்கொண்டு கிடக்கும். குடல் அடைத்தால் காற்றுப்பை அழுந்தி மீன் மல்லாந்துவிடும். மேலே மிதக்கும் தீனியை அண்ணாந்து கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறது, அது வேறு.

ஆகவே முதலில் பட்டினி போடு. ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள். லங்கணம் பரம ஔஷதம் என்று ஆயா சொல்வாரே, மீனுக்கும் அதேதான், இரண்டு நாளில் எதுவும் ஆகாது. மூன்றாம் நாள் பச்சைப் பட்டாணி. ஃபுரோஸன் பட்டாணி நல்லது, டின்னில் வருவதில் உப்பு இருக்கும், அது வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்து, மேல் தோலை விரலால் அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே வரும். அதை நகத்தால் கிள்ளிக் கிள்ளி மீனின் கண்ணளவு துண்டாகப் போடு. ஒரு மீனுக்கு ஒரு பட்டாணி போதும். மலம் பச்சையாக, கட்டியாக விழ ஆரம்பித்தால் வயிறு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெள்ளையாக நூல் மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தால் எனக்குச் சொல்லு, அது வேறு கதை.

இப்போது பூண்டு. ஒரு சின்னப் பல், தோலுரித்து நசுக்கி அப்படியே பத்து நிமிடம் வை. நசுக்கிய பிறகுதான் அதில் அல்லிசின் உண்டாகிறது, அந்தக் காரமான வாசனை அதுதான். முழுப் பூண்டாக வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதி செத்துப்போகும், அப்புறம் வெறும் மாவுதான் மிச்சம். நசுக்கியதில் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டியில் வடித்து, அந்தத் தண்ணீரில் ஒரு வேளைக்கான பெல்லட்டை, அதாவது கடையில் வாங்கும் உருண்டைத் தீனியை, மட்டும் ஊறவிடு. கால் மணி நேரத்தில் பெல்லட் தண்ணீரைக் குடித்துப் பொதபொதவென்று ஆகிவிடும், தொட்டியில் போட்டதும் மூழ்கும், அதனால் காற்றை விழுங்குவதும் குறையும். சாப்பிட மாட்டேன் என்று மூலையில் நின்ற மீன்கூட அந்த வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு வருவதை நான் நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. தினமும் வேண்டாம். சக்கையைத் தொட்டியில் போடாதே, அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கடையில் பாட்டிலில் விற்கும் பூண்டு விழுதும் வேண்டாம், எண்ணெயும் உப்பும் வினிகரும் கலந்திருக்கும். மாப்பிள்ளை பூண்டு எண்ணெய் மாத்திரையைக் குத்தி ஊற்றலாமா என்று கேட்டாராம், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லு. எண்ணெய் தண்ணீர்மேல் படலமாகப் படிந்தால் காற்று உள்ளே கலப்பதே தடைப்படும்.

பூண்டு கிருமியைக் கொல்லும், பூச்சியைக் கொல்லும், எல்லா நோயும் போகும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். பண்ணை மீன்களுக்குத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நல்ல பலன் கண்டவை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உன் மீனின் உடம்பில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி வந்தால் பூண்டை நம்பி உட்கார்ந்திராதே. அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்துகொண்டு இருக்கும், அங்கே எந்த மருந்தும் எட்டாது. அது மீனிலிருந்து விழுந்து, தொட்டியின் அடியில் பெருகி, குஞ்சுகள் நீந்தித் திரியும் கொஞ்ச நேரத்தில்தான் மருந்து அதைப் பிடிக்கும். அதனால்தான் மருந்தை நாள் கணக்கில் தொடரச் சொல்கிறார்கள். பூண்டுத் தீனியால் அந்த நாட்களில் மீன் சாப்பிடாமல் மெலிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு அது உதவும்.

மற்ற இயற்கைத் தீனியில் எனக்குப் பிடித்தது டக்வீட், தண்ணீர்மேல் பச்சைப்பசேலென்று புள்ளி புள்ளியாக மிதக்குமே, அது. புரதம் நிறைய, மீன் நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கும், அதன் குடலுக்கு அப்படித்தான் வேண்டும். இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் நார்த் அவென்யூ ஒன்றில் இருக்கும் மீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும், மெல்பர்னில் எங்கே கிடைக்கும் என்று நீதான் தேட வேண்டும். குளத்திலிருந்து அள்ளி வராதே, கூடவே நத்தையும் நோயும் வரும். கங்கோங் (வள்ளைக்கீரை), மற்றக் கீரை, வெள்ளரிக்காய் எல்லாம் கொடுக்கலாம், வெந்நீரில் காட்டி மெத்தென்று ஆக்கி, முக்கியமாக நன்றாக அலசி, ஏனென்றால் பூச்சிமருந்து நமக்குச் செய்வதைவிட மீனுக்கு அதிகம் செய்யும். நிறம் மங்குகிறது என்றாய் அல்லவா? அந்தச் செம்மை நிறத்துக்கான சத்தை மீன் தானாகவே தயாரிக்க முடியாது, தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கேரட், ஸ்பிருலினா என்ற பாசி, இறால் இதெல்லாம் அதற்கு நல்லது. ரொட்டி, சோறு கொடுக்காதே. வேப்பிலை நமக்கு நல்லதுதானே என்று தொட்டியில் போட்டுவிடாதே, வேம்பின் சாறு மீனுக்கு நஞ்சு.

உயிர்த் தீனியில் டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சி உத்தமம், அதன் ஓடு நார் மாதிரி வேலை செய்து வயிற்றைச் சுத்தமாக்கும். புழு என்று கடைகளில் உருண்டையாகச் சுருண்டு கிடக்கும் டியூபிஃபெக்ஸ் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயோடு வரும். அதைவிட ஃபுரோஸன் ப்ளட் வோர்ம், அந்தச் சிவப்புப் புழு, பரவாயில்லை, வாரம் ஒரு துண்டு. உங்க அப்பா சின்ன வயதில் லோங்காங்கில் (சாக்கடை வாய்க்காலில்) கொசுப்புழு அள்ளி வந்து மீனுக்குப் போட்டவர். இன்றைக்கு அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைத்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்காரர் வந்து அபராதம் போடுவார், போடவும் வேண்டும், டெங்கி என்ன விளையாட்டா?

நான் வாராவாரம் செய்வது இதுதான், நீயும் செய்து பார். பட்டாணி, ஒரு பிடி கீரை, இரண்டு இறால், கொஞ்சம் கேரட் எல்லாம் வேகவைத்து மிக்ஸியில் அரைத்துக்கொள். உப்பு, எண்ணெய் கூடாது. அகர் அகரை (கடற்பாசியை) தனியாகக் கொதிக்கவிட்டுக் கரைத்து இதில் ஊற்றிக் கலக்கு. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், கெட்டியாவதற்குள், நசுக்கிய பூண்டுச் சாற்றை அப்போது விடு. கொதிக்கும்போது விட்டால் பயன் போய்விடும், ரொம்ப ஆறவிட்டால் அகர் இறுகிக் கலக்கவே முடியாது. தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் சின்னச் சதுரமாக வெட்டி ஃபிரீசரில் வை. வெளியே எடுத்து உருகவிட்டுப் போடு. நம் வீட்டு மீன் சிவப்பன் அதைக் கவ்வி இழுப்பதைப் பார்த்தால் ஆதி விடமாட்டான்.

இதையெல்லாம் விடத் தண்ணீர் முக்கியம், சுதா. இதை நான் கொட்டை எழுத்தில் எழுதினதாக நினைத்துக்கொள். அதிகமாகப் போட்ட தீனி அமோனியாவாக மாறும், அமோனியாதான் சாப்பிடாமலும் சோர்ந்தும் கிடக்க வைக்கும், அப்புறம் பூண்டு வாசனைக்கும் வராது. அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுத்தமாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்று. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது, இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது, அதனால் அதை முறிக்கும் மருந்துச் சொட்டு போடாமல் நாங்கள் ஊற்றுவதே இல்லை. உங்கள் ஊரில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்.

இன்னொன்று, நான் இங்கே கொடுக்கும் அளவை அப்படியே அங்கே கொடுக்காதே. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தண்ணீர் எப்போதும் இருபத்தெட்டு, முப்பது டிகிரி. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், இங்கே அதற்குக் கொஞ்சம் சூடு அதிகம்தான், சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு, அதனால் பம்ப்பை இரவிலும் ஓடவிடுகிறோம். உனக்கு ஜூலையில் வீடே ஜில்லென்று இருக்கும். குளிரில் அதன் செரிமானம் மெதுவாகிவிடும். பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் பாதியாகக் குறை, பத்துக்கும் கீழே போனால் தீனியே வேண்டாம். வாங்கி வந்த கடைக்காரர் இதைச் சொல்லவில்லை என்றாய், சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று மாப்பிள்ளை நினைக்கலாம். சரியாகப் பார்த்துக்கொண்டால் தங்கமீன் பத்துப் பதினைந்து வருடம் சாதாரணமாக இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் சந்தை விளையாட்டில் ஜெயித்து வந்த டிஷ் என்ற மீன் 1999 வரைக்கும், நாற்பத்துமூன்று வருடம், இருந்திருக்கிறது. ஆதி காலேஜ் போகும்வரை அந்த ஒராண்டா அவனோடு வளரட்டும் என்றுதான் எனக்கு ஆசை.

நாளைக்குக் காலையில் தண்ணீரில் அமோனியா அளவு பார்த்து என்ன வருகிறது என்று எனக்கு அனுப்பு, மீனைப் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோவும் எடு. செதில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். நின்றால் பட்டாணி, பூண்டு எதுவும் வேண்டாம், அங்கே மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டு.

அன்புடன்,
அம்மா

பி.கு: பூண்டில் ஊறிய பெல்லட் மிஞ்சினால் உங்கள் பூனைக்குப் போட்டுவிடாதே. பூண்டும் வெங்காயமும் பூனைக்கு இரத்தத்தைக் கெடுக்கும், குப்பைத் தொட்டியிலேயே போடு.