கொட்டேசனில் 15, பில்லில் 18: ஏமாற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்முனைக் கடையொன்றில் கொட்டேசன் 15 வீத வற் (பெறுமதி சேர்) வரியோடும், பொருளை எடுத்தபின் பில் 18 வீதத்தோடும் வந்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்பது அவர் முடிவு. இந்தப் பகுதிக் கடைகளில் பில் போடும் பழைய புரோகிராம்களைத் திருத்திக் கொடுப்பவன் நான். மைக்ரோசாப்டின் பொக்ஸ்புரோ என்ற மென்பொருளில் எழுதியவை அவை. எனக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை.

இந்தப் புரோகிராம்களில் வரி வீதத்துக்கு டிஃபைன் என்ற கட்டளையால் ஒரு பெயர் கொடுத்து, ஹெடர் என்ற தனிக் கோப்பில் எழுதி வைப்பார்கள். கம்பைல் ஆகும்போது, அதாவது எழுதியது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறும்போது, பெயர் வருகிற இடமெல்லாம் எண் ஏறிவிடும். பெயர் அதோடு மறைந்துவிடும். பிறகு கட்டளைகளை நேரடியாக அடிக்கும் கமாண்ட் விண்டோவில் அதைக் கேட்டால், அப்படியொரு மாறியே இல்லை என்று சொல்லும். பலர் குழம்புவது இங்கேதான்.

2024 ஜனவரி 1இல் வற் 18 ஆனதும் ஹெடர் கோப்பில் எண்ணை மாற்றி, கோப்புகளைச் சேர்த்துப் புரோகிராமை உருவாக்கும் பில்ட் கட்டளையைக் கொடுத்திருப்பார்கள். கைவைத்த கோப்புகளை மட்டுமே பில்ட் மறுபடி கம்பைல் செய்யும். கொட்டேசன் படிவத்தை யாரும் தொடவில்லை. அதற்குள் பழைய 15 அப்படியே கிடக்கும். பில்ட் பெட்டியில் 'ரீகம்பைல் ஆல் ஃபைல்ஸ்' (எல்லாக் கோப்புகளையும் மறுபடி கம்பைல் செய்) என்பதைத் தெரிவு செய்தால் அனேகமாகத் தீர்ந்துவிடும். தீராவிட்டால், அதே ஹெடரின் இன்னொரு பிரதி வேறு ஃபோல்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கிடைத்த வேலைகளில் அது அடிக்கடி இருந்தது. பொக்ஸ்புரோ 9ஆம் பதிப்பில் 'கோட் ரெஃபரன்சஸ்' என்ற தேடும் கருவி தேடித் தரும்.

ஆனால் சோர்ஸ், அதாவது எழுதிய மூலக் கோப்புகள், இருந்தால்தானே இதெல்லாம்? எழுதிக் கொடுத்தவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போயிருப்பார், கடையில் ஓட மட்டும் செய்யும் எக்ஸி கோப்பு கிடக்கும். பொக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாப்டின் ஆதரவும் 2015இல் முடிந்துவிட்டது. காசு கொடுக்கும்போதே சோர்ஸைக் கேட்டு வாங்காத முதலாளிமார் மேல்தான் எனக்குக் கோபம்.

வரி போன்ற மாறும் எண்ணை டிஃபைனில் வைத்ததே பிழை. 2022இல் மட்டும் 8இலிருந்து 12, பிறகு 15 என்று இரண்டு தரம் மாறியது. வீதமும் அது தொடங்கும் திகதியும் ஒரு டேபிளில் இருந்தால், பில் திகதியைப் பார்த்து புரோகிராம் தானாக எடுத்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் விற்ற சாமான் ஜனவரியில் திரும்பி வந்தாலும் 15இலேயே கழியும்.

அந்த வாசகருக்கு: 18தான் சரி. கொட்டேசனைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், அவருக்கே தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
வாசகன், களுவாஞ்சிகுடி