லிபர்ட்டி வேலன்ஸ் பற்றி உனக்கு ஒரு பதில்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் மீது இன்னும் கோபமாக இருக்கிறார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மற்றதெல்லாம் போனில் பேசியாயிற்று, நேரே சண்டைக்கு வருகிறேன்.

ஜான் ஃபோர்டு இயக்கிய 'த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' என்ற கௌபாய் படத்தைப் பார்த்துவிட்டு, "கிழட்டு ஹீரோக்கள், செட்டுக்குள்ளேயே ஊர், ஜான் ஃபோர்டுக்குக் கை ஓய்ந்துவிட்டது" என்று மூன்றே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். பாதியில் தூங்கிப்போனாயா? அந்தக் கல்யாண வீடியோவை நீ பார்த்த லட்சணம் எனக்குத் தெரியும்.

நீ சொன்னதில் தகவல் சரிதான். 1962-ல் படம் வந்தபோது ஃபோர்டு எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜான் வெய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். படிப்பை முடித்துவிட்டு மேற்கே கிளம்பிவந்த இளம் வக்கீலாக ஸ்டூவர்ட் நடிப்பது முதலில் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அந்தக் கதையைச் சொல்வது யார்? அதே வக்கீல்தான், இப்போது நரைத்துப்போன செனட்டர். சிநேகிதனின் சவப்பெட்டி பக்கத்து அறையில் இருக்க, பத்திரிகைக்காரர்களிடம் பழசைச் சொல்கிறார். அவர் நினைவுக்குள் அவருக்கு அந்த முகம்தான் இருக்கும். எனக்கு அது குறையாகவே படவில்லை.

செட் விஷயம் இன்னும் முக்கியம். 1939-ல் 'ஸ்டேஜ்கோச்'சில் வெய்னை நட்சத்திரமாக்கியதும், மானுமெண்ட் வேலியின் செம்பாறைகளை உலகத்துக்கே பழக்கியதும் இதே ஃபோர்டுதான். வானத்தை எப்படிப் படம்பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தப் படத்திலோ பரந்த வெளி அனேகமாக இல்லை. ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு பத்திரிகை அலுவலகம், ஒரு பள்ளிக்கூட அறை, இருட்டான ஒரு தெரு. அந்தத் தெரு இருட்டாக இருந்தால்தானே சந்திலிருந்து சுட்டவனை யாரும் பார்க்காமல் இருக்க முடியும்?

வக்கீலுக்கும் வில்லன் லிபர்ட்டி வேலன்ஸுக்கும் நடக்கும் துப்பாக்கிச் சண்டையை எடுத்திருக்கும் விதத்தைப் பார். முதல் தடவை காட்டும்போது, பாத்திரம் கழுவும் ஏப்ரனோடு வக்கீல் ரான்ஸ் தெருவில் நிற்கிறார், கையில் குண்டடி, வேலன்ஸாக வரும் லீ மார்வின் சிரித்துக்கொண்டே விளையாட்டுக் காட்டுகிறான், ரான்ஸ் எப்படியோ சுட்டுவிடுகிறார், வில்லன் விழுகிறான். ஊரே கொண்டாடுகிறது. அப்புறம் அதே சம்பவத்தைச் சந்துப் பக்கத்திலிருந்து காட்டுகிறார் ஃபோர்டு. கறுப்பின வேலையாள் பாம்பி துப்பாக்கியைத் தூக்கிப்போட, அவன் முதலாளி டாம் (வெய்ன்தான்) பிடித்து, அதே நொடியில் சுடுகிறான். பச்சைக் கொலை என்று அவன் வாயாலேயே சொல்கிறான். தான் காதலித்த ஹாலிக்காகச் செய்தேன் என்கிறான். ஹாலியோ வக்கீலிடம் போய்விட்டாள். அவளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டை டாம் குடித்துவிட்டுக் கொளுத்துகிறான். உள்ளேயே உட்கார்ந்தவனை பாம்பிதான் இழுத்துவந்து காப்பாற்றுகிறான்.

எல்லோரும் செனட்டரின் கதையைக் கேட்ட பத்திரிகை ஆசிரியரின் வசனத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், நீயும் காட்டியிருக்கிறாய். கட்டுக்கதை நிஜமாகிவிட்டால் கட்டுக்கதையையே அச்சடி. ஃபோர்டு சொல்லவந்தது அதுவென்றால் படமே எடுத்திருக்க வேண்டாமே மாப்ளே! ஆசிரியர் குறிப்புகளைக் கிழித்துப்போடுகிறார். ஆனால் திரையில் நமக்கு உண்மை முழுசாகச் சொல்லப்பட்டுவிட்டது. 1948-ல் ஃபோர்டு எடுத்த 'ஃபோர்ட் அப்பாச்சி'யிலும், வறட்டுப் பிடிவாதத்தால் தன் படையையே பலிகொடுத்த கர்னலை மாவீரனாகப் பேசும் பத்திரிகைக்காரர்களை வெய்ன் மறுத்துப்பேசாமல் விடுவார். அங்கே அது தேவையான பொய் மாதிரி நிற்கும். பதினான்கு வருஷம் கழித்து அதே ஃபோர்டு, பொய்யின் விலையை யார் கொடுத்தது என்று கேட்கிறார். கை ஓய்ந்தவர் கேட்கிற கேள்வியா இது?

யார் கொடுத்தது என்பதற்குத் தொடக்கத்திலேயே பதில் வைத்திருக்கிறார். வெறும் பலகைப் பெட்டி. ஊரில் யாருக்கும் டாம் யாரென்று தெரியவில்லை. வெட்டியான் அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டுவிட்டான். போட்டுவிடு என்கிறார் செனட்டர், துப்பாக்கி பெல்ட் எங்கே என்கிறார். பழைய மார்ஷல் சொல்கிறார், அவன் துப்பாக்கி கட்டியே வருஷக்கணக்கில் ஆயிற்று என்று. உண்மையில் சுட்டவன் கடைசிக் காலத்தில் துப்பாக்கியே வைத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழ பாம்பி மட்டும்தான் இருந்தான். பாம்பியை விட்டுவிடாதே. வக்கீலின் வகுப்பில் எல்லா மனிதரும் சமம் என்ற வரி அவனுக்கு மறந்துபோகும். பரவாயில்லை, நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள் என்பார் ரான்ஸ். அதே ஊரில் ஓட்டுப்போடும் கூட்டம் நடக்கையில் பாம்பி வெளியேதான் இருக்கிறான். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்று ஃபோர்டு பிரசங்கம் செய்யாமல் காட்டிவிடுகிறார்.

நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த வேலைநிறுத்தம் முடிந்த அன்றைக்குப் பூமாலை யார் கழுத்தில் விழுந்தது, எந்த மனிதர் டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு பஸ் ஏறினார் என்பதை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அவர் சாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள்? மாலை வாங்கியவர் கெட்டவரும் இல்லை, அதுதான் என் சங்கடம். ரான்ஸும் நல்லவர்தான், ஊருக்கு நிஜமாகவே நல்லது செய்தவர். டாம் தானே வந்து அவரை அரசியலுக்குள் தள்ளிவிடுகிறான்: ஹாலிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாய், இனி அவள் எழுதவும் படிக்கவும் தக்கதாக ஏதாவது செய்துகாட்டு என்று. ஒருவனுடைய இழப்பின் மேல் இன்னொருவருடைய நன்மை நிற்கும்போது யாரைக் கோபிப்பது? எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

டிஸ்க்கை இப்போது திருப்பி அனுப்பாதே. இன்னொரு முறை, சாப்பிட்டதும் உட்காராமல், சாயங்காலம் தங்கச்சியோடு சேர்ந்து பார். இந்தத் தடவை ஹாலியாக வரும் வேரா மைல்ஸின் முகத்தை மட்டும் கவனி. கடைசியில் ரயிலில் ரான்ஸ் கேட்பார், டாமின் பெட்டி மேல் கள்ளிப்பூவை வைத்தது யார் என்று. நான்தான் என்பாள். அதற்குமேல் அவரும் கேட்க மாட்டார். அவள் மனசில் இத்தனை வருஷமும் இருந்தது டாம்தான் என்று நான் அடித்துச் சொல்கிறேன். இல்லை, அது நன்றிக்கடன்தான் என்கிறாள் உன் அக்கா. பார்த்துவிட்டு தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று எழுது, உன் தீர்ப்பு அப்புறம்.

அன்புடன்,
உன் மச்சான்