எங்கள் வகுப்புக்குப் பொருந்தும் காணொளி எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கற்பித்தல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடுநிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தத் தேவையானதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது, ஆசிரியர்களுக்குத்தான் தேடிப் பார்க்க மனமில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. கீழே முகவரிப் பட்டியல். பட்டியலுக்கு நன்றி. அந்த வரிதான் மனதைத் தைத்துவிட்டது. கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் யூ.பி. (5 முதல் 7 வரை) வகுப்பு எடுப்பவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று ஒருவரிடம் கேட்டிருந்தால்கூட அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

நாங்கள் தேடுகிறோம். தேடி வந்ததில் எது எங்கள் பிள்ளைக்கு ஆகும் என்று பிரித்தெடுப்பதில்தான் பொழுதெல்லாம் போகிறது. முதல் தடை சொல். தமிழ்நாட்டுப் பாடங்களில் செல், திசு, ஒளிச்சேர்க்கை, பச்சையம் என்று வரும். தமிழில் தேடினாலே இலங்கை ஆசிரியர்களின் பாடங்களும் வரிசையில் வந்து நிற்கும். அங்கே செல் என்பது கலம், திசு என்பது இழையம், ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு. மலையாளப் பாடத்தில் கோசம், கல, பிரகாச சம்ஸ்லேஷணம், ஹரிதகம். இலங்கைத் தமிழில் ‘கலம்’ என்றால் செல். மலையாளத்தில் ‘கல’ என்றால் திசு. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளை, செல்கள் சேர்ந்து திசு ஆகிறது என்ற வரியில் எதை எங்கே வைக்கும்? இலங்கைப் பாடங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். படம் வரைந்து பாகம் குறிப்பதில் அவர்களுக்கு இருக்கும் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் படத்தை ஓட்டுவதற்கு முன் கரும்பலகையில் மூன்று சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட வேண்டும். எழுதாமல் ஓட்டினால் அந்தப் பீரியடு வீண்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆண்டு. கொரோனாக் காலத்தில் கேரள அரசின் விக்டர்ஸ் சேனலில் வந்த ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கியது 2020 ஜூன் 1. அவை அன்றைய புத்தகத்துக்கு எடுக்கப்பட்டவை. கேரளத்தில் 5, 7 வகுப்புகளுக்கு 2024இலும், 6, 8 வகுப்புகளுக்கு 2025இலும் புதுப் புத்தகம் வந்துவிட்டது. பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பழைய படத்தைக் காட்டினால் புத்தகத்தில் இல்லாத செயல்பாடு படத்தில் வரும், புத்தகத்தில் உள்ளது படத்தில் இருக்காது. தமிழ்நாட்டுப் புத்தகத்தின் க்யூஆர் கோடு வழியாக தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் கிடைப்பது நல்ல தமிழ்தான், பாட வரிசை வேறு. அங்கே ஒரு வகுப்பில் வருவது இங்கே வேறொரு வகுப்பில் வரலாம். வகுப்பு எண்ணை நம்பி இறக்கிவிடக் கூடாது.

இத்தனையும் பொருந்திய பிறகும் பிழை பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு படம் தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ளச் சில இடங்களைப் பார்த்தால் போதும். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று வரைபடம் காட்டினால் அதை அப்படியே மூடிவிடலாம். நாக்கில் சுவை மொட்டு உள்ள எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். தாவரம் பகலில் கரியமில வாயுவையும் இரவில் ஆக்சிஜனையும் எடுக்கும் என்று மட்டும் சொன்னால் அதுவும் ஆகாது. தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது, ஒளி உள்ளபோது ஒளிச்சேர்க்கையும் கூடவே நடக்கிறது. இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்த அரைகுறை வாக்கியம் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இதயப் படத்தில் இரண்டு சிக்கல். நீல நிறம் அடையாளத்துக்கு மட்டும், ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு என்று படத்தில் எங்காவது சொல்கிறார்களா? சொல்லாவிட்டால் நாம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் தமனி என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடும் நுரையீரல் தமனியில் கட்டாயம் தவறும். இன்னொன்று இடம் வலம். திரையில் நமக்கு இடப்பக்கம் தெரிவது இதயத்தின் வலப்பக்கம். அட்டையில் இதயத்தை வரைந்து வெட்டி, படம் வெளியே பார்க்கும்படி பிள்ளையின் நெஞ்சில் பிடிக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். எந்தக் காணொளியிலும் அது விளங்காது.

இலையில் ஸ்டார்ச் சோதிக்கும் படங்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. சில படங்களில் ஸ்பிரிட்டை நேரடியாகத் தீயில் வைத்துக் கொதிக்க விடுகிறார்கள். அதைப் பார்த்து வீட்டில் ஒரு பிள்ளை செய்தால் என்ன ஆகும்? சரியான முறை: இலையை முதலில் கொதிநீரில் ஒரு நிமிடம் போட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஸ்பிரிட் உள்ள சோதனைக் குழாயில் இலையைப் போட்டு, குழாயை அந்தச் சுடுநீரில் நிறுத்தி வைக்க வேண்டும். ஸ்பிரிட் 78 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் சுடுநீரே போதும், தீ வேண்டாம். பச்சை நிறம் இறங்கியதும் இலை அப்பளம்போல் மொரமொரப்பாகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். அதன் மேல் டீ நிறத்துக்கு நீர்த்த அயோடினை விட்டால், ஸ்டார்ச் உள்ள இடம் கறுக்கும். இவ்வளவுக்கும் ஏறக்குறைய ஒரு பீரியடு பிடிக்கும். படத்தில் முப்பது நொடியில் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள், அதனால் வகுப்பில் இலை உடனே கறுக்காதபோது பிள்ளைகள் சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஜூன், ஜூலை மழையில் காலையில் பறித்த இலை என்றால் உண்மையிலேயே தோற்கும், வெயிலே படாத இலையில் ஸ்டார்ச் எங்கிருந்து வரும்? நல்ல வெயில் நாளில் மதியத்துக்கு மேல் பறித்த மெல்லிய செம்பருத்தி இலை நன்றாக வரும். இதைச் சொல்லும் படம் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை.

வெங்காயத் தோல் ஸ்லைடும் அப்படித்தான். கவர் கண்ணாடியைச் சாய்த்து ஊசியால் மெதுவாக இறக்காமல் தட்டையாகப் போட்டால் காற்றுக் குமிழி சிக்கும். பிள்ளைகள் கறுப்பு விளிம்புள்ள அந்தக் குமிழியைத்தான் செல் என்று அழகாக வரைவார்கள். நாம் பார்க்கும் வெங்காயத் தோலில் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள பச்சைப் புள்ளி) கிடையாது என்பதைச் சொல்லாமல், தாவர செல் என்று பச்சைப் புள்ளிகளோடு கார்ட்டூன் காட்டினால் பிள்ளை நுண்ணோக்கியைச் சந்தேகப்படும். குளத்தில் கிடைக்கும் வேலம்பாசி (ஹைட்ரில்லா) இலை ஒன்றை வைத்தால் பச்சைப் புள்ளிகள் நகர்வதையே பார்க்கலாம். உருப்பெருக்கிய படங்களில் உண்மை அளவைக் காட்டும் அளவுக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெங்காயத் தோலின் செல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளம். சிவப்பணு அதில் முப்பதில் ஒரு பங்கு. திரையில் இரண்டும் ஒரே தட்டு அளவில் தெரிகின்றன.

படங்களில் வரும் மரம் மேப்பிள், விலங்கு நரி. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தென்னை, நிலக்கடலை, வயலில் இறங்கும் மயில். பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சுக்குப் பட்டாணிச் செடி காட்டுகிறார்கள். விதைத்து நாற்பது, ஐம்பது நாளான கடலைச் செடியை ஈர மண்ணோடு மெல்லப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. வெளியூர்ப் படம் வேண்டாம் என்பதல்ல. வயலுக்குப் போய் வந்த பிறகு காட்டலாம், அதுவும் மூன்று நிமிடத்துக்கு வெட்டி, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு. பத்து நிமிடப் படத்தை முழுதாக ஓட்டினால் நாலாவது நிமிடமே பின்பெஞ்சு வேறு உலகத்தில் இருக்கும்.

இதையெல்லாம் எழுத வேண்டியிருப்பதே வருத்தம். பயிற்சி வகுப்புகள் மலையாளத்தில் நடக்கின்றன, நாங்கள் வீட்டுக்கு வந்து தமிழில் மாற்றிக்கொள்கிறோம். தமிழ் வழிப் புத்தகம் மலையாளப் புத்தகத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த வருடங்கள் உண்டு. வினாத்தாளில் மொழிபெயர்ப்புப் பிழையால் பிள்ளை மதிப்பெண் இழந்ததும் உண்டு. தங்கள் பத்திரிகை பல ஆண்டுகளாக எங்கள் பள்ளிக்கு வருகிறது. எல்லைப் பள்ளிகளைப் பற்றி ஒரு பத்தி அதில் பார்த்த நினைவு எனக்கு இல்லை. எங்களைப் பற்றி எழுதாமல் இருந்ததைப் பொறுத்துக்கொண்டோம். தேட மனமில்லாதவர்கள் என்று எழுதியதைப் பொறுக்க முடியவில்லை.

கேட்பது சின்ன விஷயம். இனி இப்படி ஒரு பட்டியல் போடும்போது ஒவ்வொரு முகவரிக்கும் நேராக எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நிமிடம், எந்த ஆண்டு, பதிவிறக்கி இணையம் இல்லாமல் ஓட்ட முடியுமா என்று அச்சிடுங்கள். செல் என்கிறார்களா கலம் என்கிறார்களா என்றும் குறிப்பிடுங்கள். க்யூஆர் கோடு மட்டும் போடாமல் முகவரியை எழுத்திலும் போடுங்கள். சென்ற இதழ் மடிந்து வந்ததில் கோடுகளின் நடுவே மடிப்பு விழுந்து, எந்தப் போனிலும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
தமிழ் வழி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.