மூன்று மணிக்கே விழித்துவிடும் முதியோர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் பெரியம்மா, சென்ற மழைக்காலம் முழுவதும் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து குளிர்ந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரொட்டியைப் பாதியில் வைத்துவிடுவார். கேட்டால், "உடம்பெல்லாம் வலி" என்பார். வயதானால் தூக்கம் குறையும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். விடுமுறையில் டுபாயிலிருந்து வந்த மகன் மெலட்டோனின் மாத்திரைப் போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அது மனச்சோர்வு என்று பல மாதங்கள் கழித்தே ஒரு மருத்துவர் சொல்ல அறிந்தோம். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

மெலட்டோனின் என்பது மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருட்டில் சுரக்கும் ஹோர்மோன். முதுமையில் அதன் அளவு குறைவதும், மனச்சோர்வு உடலின் பகல் இரவு ஒழுங்கைக் குலைப்பதும் உண்மையே. ஆனால் 2 மில்லிகிராம் மெலட்டோனினை மெதுவாக வெளிவிடும் மாத்திரைக்கு 2007இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது, 55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் தூக்கமின்மைக்குக் குறுகிய காலம் கொடுப்பதற்கே தவிர, மனச்சோர்வுக்கு அல்ல. மெலட்டோனினை உணரும் ஏற்பிகளில் செயற்பட்டு மனச்சோர்வைத் தணிக்கும் அகோமெலட்டின் என்பது வேறு மருந்து; ஈரலைப் பரிசோதித்துக்கொண்டே மருத்துவர்கள் அதைக் கொடுப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிரஷருக்குக் கொடுக்கப்படும் அட்டெனொலோல் போன்ற மாத்திரைகள் இரவில் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கக்கூடும். அதற்காக எவரும் அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உடலின் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்குப் போன காலமெல்லாம் விடிந்ததிலிருந்து மாலைவரை வெட்டவெளியில் நின்ற பெண், வேலை நின்ற பின் சன்னல் சிறுத்த, புகை படிந்த லயக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டின் அறைக்குள்) பகலையும் கழிக்கிறாள். வெளிச்சத்தோடு, கூட மலையேறிய பெண்களின் பேச்சும் அவளுக்கு இல்லாமற் போகிறது. இப்போது பெரியம்மா மருந்தும் எடுக்கிறார். பனிமூட்டமான நாளிலும் காலையில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பக்கத்து வீட்டாரோடு தேநீர் குடிக்கிறார்.

பிரஷர், சீனி கிளினிக்குகளுக்கு வரும் எங்கள் முதியோரிடம் தூக்கம், பசி, மனநிலை ஆகியவற்றையும் தமிழில், அவசரப்படாமல் விசாரிக்கும்படி சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். வாழ்ந்தது போதும் என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அதை வெறும் சலிப்பென்று தள்ளாமல், இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டார் அன்றே அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.